திருச்சி சாலையில் மட்டும் கொதித்த அம்பாசடர்: ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

கானாடுகாத்தானை அடுத்த ஓர் ஊரில், நகரத்தார் வீடு ஒன்றின் கார் கொட்டகையில் நிற்கும் 1984ஆம் ஆண்டு அம்பாசடர் பெட்ரோல் கார் ஒன்றைப் பற்றியது இந்தப் பதிவு. நான்கு சிலிண்டர், 1489 சிசி கொள்ளளவு, வார்ப்பிரும்பில் செய்த பிளாக் (சிலிண்டர்கள் அமைந்த உடல்), அதே வார்ப்பிரும்பில் ஹெட் (அதன் மேல்மூடி), பித்தளையாலும் செம்பாலும் ஆன ரேடியேட்டர், பெல்ட்டால் சுழலும் ஃபேன் ஆகியவை கொண்ட பழைய அமைப்பு அது. வீட்டுக்கு உரிமையாளரான ஆச்சிக்கு வயது எழுபதைத் தாண்டிவிட்டது. பிள்ளைகள் வெளியூரிலும் வெளிநாட்டிலும் இருக்கிறார்கள். முன்னோருக்குச் செய்யும் படைப்பு, திருமணம், கோயில் காரியம் என்று பங்காளிகள் கூடும் நாட்களிலும், திருச்சியில் மருத்துவரைப் பார்க்கப் போகும் நாட்களிலும் மட்டுமே வண்டி நீண்ட தூரம் ஓடும். மற்ற நாட்களில் பள்ளத்தூருக்கும் காரைக்குடிக்கும் போய்வருவதோடு சரி. ஆண்டுக்கு 1,500 கிலோமீட்டரைக்கூட அது தொடுவதில்லை.

சித்திரை மாதத்தில் வண்டி எங்கள் பட்டறைக்கு வந்தபோது, இன்ஜின் சூடேறும் குறைக்காக அதற்கு முந்தைய இரண்டு ஆண்டுகளில் வேறு மூன்று பட்டறைகளைப் பார்த்திருந்தது. முதலில் ரேடியேட்டரைக் கழற்றிக் கம்பி விட்டுச் சுத்தம் செய்திருக்கிறார்கள். அடுத்து வாட்டர் பம்பை மாற்றி, தெர்மோஸ்டாட்டை (இன்ஜின் சூடேறும்வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் நிறுத்தும் வால்வை) எடுத்து எறிந்திருக்கிறார்கள். மூன்றாவதாக ஹெட்டை இறக்கி, அதற்கும் பிளாக்குக்கும் இடையில் கசிவைத் தடுக்கும் கேஸ்கெட்டை மாற்றியிருக்கிறார்கள். ஒவ்வொரு வேலைக்குப் பின்னும் சில வாரங்கள் குறை தென்படவில்லை. அந்த வாரங்களில் வண்டி திருச்சிக்குப் போகவே இல்லை என்பதை ஓட்டுநரிடம் நாள்வாரியாகக் கேட்ட பிறகுதான் எங்களால் அறிய முடிந்தது.

ஓட்டுநர் சொன்னது

வண்டி கொதிக்கிறது என்று வருபவரிடம் நான் முதலில் கேட்பது, எப்போது, எந்த இடத்தில், எவ்வளவு நேரம் ஓடிய பிறகு என்பதைத்தான். டாஷ்போர்டில் சூட்டைக் காட்டும் முள் எவ்வளவு ஏறியது என்பது அதற்குப் பின்னால் வரும் கேள்வி. பதினெட்டு ஆண்டுகளாக அந்த வீட்டில் இருக்கும் ஓட்டுநரின் பதில் தெளிவாக இருந்தது. "பள்ளத்தூர் போனாலும் காரைக்குடி போனாலும் முள்ளு அசையாதுண்ணே. புதுக்கோட்டை தாண்டிட்டா ஏற ஆரம்பிச்சிரும். கீரனூர் வர்றதுக்குள்ள ஓரங்கட்டிருவேன்."

இந்த ஒரு பதிலுக்குள் நோயறிதலின் பாதி இருக்கிறது. நெரிசலில் நின்று நின்று போகும்போது சூடேறி, திறந்த சாலையில் குளிரும் வண்டியில் காற்றோட்டம் குறைவு என்று பொருள். ஃபேன், பெல்ட், ரேடியேட்டர் இடுக்கில் அடைந்த தூசி ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். நெரிசலில் அமைதியாக இருந்து, வேகமாகத் தொடர்ந்து ஓடும்போது சூடேறும் வண்டிக்கு எதிரிலிருந்து வரும் காற்றே போதுமானது. அங்கே குறைவது தண்ணீரின் ஓட்டம், அல்லது சூட்டை வெளியேற்றும் திறன். காரைக்குடிக் கடைத்தெருவில் ஊர்ந்து செல்லும்போது அசையாத முள், புதுக்கோட்டைக்கு அப்பால் அறுபது, எழுபது கிலோமீட்டர் வேகத்தில் ஏறுகிறது என்றால், இன்ஜின் கூடுதலாக உண்டாக்கும் வெப்பத்தைத் தண்ணீர் சுமந்து செல்ல முடியாமல் எங்கோ தடைபடுகிறது என்று கருதுவதே முறை.

ஓட்டுநரின் வலது மணிக்கட்டில் பழைய கொப்புளத் தழும்பு ஒன்று இருந்தது. கீரனூருக்கு முன்னால் ஒருமுறை சூடான ரேடியேட்டரின் மூடியைத் துணி வைத்துத் திறந்ததில் ஏற்பட்டது. அழுத்தத்தில் நூறு டிகிரிக்கு மேலிருக்கும் தண்ணீர், மூடி திறந்த கணத்தில் ஆவியாகப் பொங்கி மேலே அடிக்கும்; துணி அதைத் தடுக்காது. இன்ஜினை அணைத்து, பானெட்டைத் திறந்துவைத்து, மேல் ஹோஸைக் கையால் அழுத்தித் தாங்கும் சூட்டுக்கு வரும்வரை காத்திருப்பதே பாதுகாப்பு. கொதிக்கும் இன்ஜினில் குளிர்ந்த தண்ணீரைக் கொட்டி ஹெட்டை விரிசல் விடச் செய்வதும் இதே அவசரத்தில் நடப்பதுதான். இதை அவரிடம் அன்றே சொன்னேன்.

முதல் நாள்: நின்ற இடத்தில் பார்த்தவை

குளிர்ந்த நிலையில் ரேடியேட்டர் மூடியைத் திறந்தபோது, உள்ளே இருந்த தண்ணீர் வெல்லப்பாகின் நிறத்தில் இருந்தது. கழுத்தைச் சுற்றி வெண்மையான உப்புப்படிவு. மூடியின் ரப்பர் வளையம் காய்ந்து வெடித்திருந்தது. இந்தச் சிறிய மூடி தன் வேலையைச் செய்கிறதா என்று பலரும் பார்ப்பதில்லை. சதுர அங்குலத்துக்கு 7 பவுண்டு அழுத்தத்தைத் தாங்கிப் பிடிக்கும் மூடி, வெறும் தண்ணீரின் கொதிநிலையை நூறு டிகிரியிலிருந்து ஏறக்குறைய 111 டிகிரிக்கு உயர்த்திவிடும். மூடி கசிந்தால் அந்தப் பதினொரு டிகிரி இடைவெளி முழுவதும் போய்விடுகிறது.

அடுத்து, ஹெட் கேஸ்கெட் மீண்டும் போயிருக்குமோ என்ற ஐயத்தைத் தீர்த்தோம். ஆயில் குச்சியில் பால் போன்ற கலங்கல் இல்லை. இன்ஜின் ஓடும்போது ரேடியேட்டர் கழுத்தில் குமிழிகள் எழவில்லை. நான்கு சிலிண்டர்களின் அழுத்தமும் சதுர அங்குலத்துக்கு 120 பவுண்டுக்கும் 130 பவுண்டுக்கும் இடையில் ஒன்றுக்கொன்று நெருங்கியிருந்தது. பற்றவைப்பு நேரம் சரியாக இருந்தது. பெல்ட்டில் தளர்வு இல்லை.

பிறகு பட்டறை நிழலில், 36 டிகிரி வெக்கையில், நாற்பது நிமிடம் இன்ஜினை ஐட்லிங்கில் ஓடவிட்டோம். மேல்தொட்டி 82 டிகிரி, கீழ்த்தொட்டி 68 டிகிரி. இரண்டும் அந்த அளவிலேயே நின்றுவிட்டன. கைத்துப்பாக்கி போன்ற அகச்சிவப்பு வெப்பமானியால் அளப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பளபளப்பான உலோகத்தின் மீது காட்டினால் அது உண்மையைவிடக் குறைவாகவே காட்டும். அளக்கும் இடங்களில் எல்லாம் கறுப்புப் பெயின்ட்டில் ஒரு பொட்டு வைத்து, அதன் மீதே ஒவ்வொரு முறையும் அளந்தோம்.

இங்கே நாங்கள் ஒரு பிழை செய்தோம். சாலையில் ஓடும்போது மட்டும் வரும் குறையை நின்ற இடத்தில் சோதித்து, அளவுகள் நன்றாக இருப்பதைக் கண்டு, மூடியை மட்டும் மாற்றினால் போதும் என்ற எண்ணத்துக்கு அன்று மாலை வந்துவிட்டோம். ஓட்டுநர் சொன்னதை நன்றாகக் கேட்டுவிட்டு, அதற்குப் பொருந்தாத சோதனையை நம்பியது தவறு.

சாலைச் சோதனையும் கீழ் ஹோஸும்

மறுநாள் காலை, பழைய மூடியுடனேயே ஓட்டிப் பார்ப்பது என்று முடிவு செய்தேன். குறை எந்த நிலையில் வந்ததோ அதே நிலையில் அதை மீண்டும் வரவழைக்காமல் எதையும் மாற்றினால், எது குணப்படுத்தியது என்று பிறகு சொல்ல முடியாது. திருமயம் கடந்து, நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் கால்மணி நேரம் ஓடியும் முள் நடுவிலேயே நின்றது. அறுபத்தைந்துக்கு உயர்த்திய பன்னிரண்டாவது நிமிடத்தில் ஏறத் தொடங்கியது. புளிய மர நிழலில் ஓரங்கட்டி, அணைக்காமல் பானெட்டைத் திறந்தோம். மேல்தொட்டிப் பொட்டு 99 டிகிரி காட்டியது.

ஓட்டுநரை ஆக்சிலரேட்டரைச் சற்று அழுத்தச் சொல்லி, நான் ரேடியேட்டரின் அடியிலிருந்து பம்புக்குப் போகும் கீழ் ஹோஸைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இன்ஜின் வேகம் கூடக் கூட ஹோஸின் நடுப்பகுதி வற்றிய வயிறு போல உள்வாங்கி, இறுதியில் இரு பக்கமும் ஏறக்குறைய ஒட்டிக்கொண்டது. காலை எடுத்ததும் பழைய வடிவுக்கு மீண்டது. மூன்று முறை செய்து பார்த்தோம். மூன்று முறையும் அப்படியே.

கீழ் ஹோஸ் வழியாகத்தான் பம்ப் தண்ணீரை உறிஞ்சுகிறது. உறிஞ்சும் இழுப்பில் ரப்பர் உள்வாங்காமல் இருக்க உள்ளே ஒரு கம்பிச்சுருள் இருக்க வேண்டும். பம்ப் மாற்றியபோது ஹோஸையும் புதிதாகப் போட்டிருக்கிறார்கள். சுருளைப் பழைய ஹோஸோடு சேர்த்துக் குப்பையில் போட்டிருக்கிறார்கள். வெளிப்பார்வைக்கு ஹோஸ் புத்தம்புதிதாகத் தெரிந்ததால் அதற்குப் பின் எவரும், முதல் நாளில் நாங்களும், அதைச் சந்தேகிக்கவில்லை. மூடி கசிந்தது இதை இன்னும் மோசமாக்கியது. அமைப்பு முழுவதும் அழுத்தத்தில் இருந்திருந்தால், உறிஞ்சும் பக்கத்திலும் அந்த அழுத்தம் ஹோஸை ஓரளவு தாங்கிப் பிடித்திருக்கும்.

அங்கேயே நிறுத்தலாமா என்ற கேள்வி

துருப்பிடிக்காத கம்பியில் சுருள் செய்து, தரமான ஹோஸுக்குள் பொருத்தி, புதிய மூடி போட்டு மூன்றாம் நாள் அதே சாலையில் ஓட்டினோம். முன்பு பன்னிரண்டு நிமிடத்தில் ஏறிய முள் இப்போது இருபத்தைந்து நிமிடம் வரை தாக்குப்பிடித்தது. ஆனால் அதன் பிறகு, மெதுவாக, மீண்டும் ஏறியது. இந்த இடத்தில் வண்டியைத் திருப்பிக் கொடுத்திருந்தால், வீட்டார் நன்றி சொல்லி வாங்கிக்கொண்டு போயிருப்பார்கள். ஐப்பசியில் இன்னொரு பட்டறைக்குப் போயிருக்கும். ஒரு காரணம் கண்டுபிடிக்கப்பட்டது என்பதற்காக அதுவே ஒரே காரணம் என்று ஆகிவிடாது.

ஓரத்தில் நிறுத்தி ஹெட்டின் மீது வைத்த பொட்டுகளை அளந்தபோது, முதல் சிலிண்டர் பக்கம் 97 டிகிரியும் நான்காம் சிலிண்டர் பக்கம் 111 டிகிரியும் இருந்தன. டாஷ்போர்டு முள்ளுக்குச் செய்தி அனுப்பும் உணரி ஹெட்டின் முன்பக்கத்தில் இருப்பதால், பின்பக்கத்தின் பதினான்கு டிகிரி கூடுதல் சூடு ஓட்டுநருக்குத் தெரியவே தெரியாது. இந்த இன்ஜினில் பம்ப் முன்னால் இருக்கிறது. தண்ணீர் வெளியேறும் வாயும் முன்னால் இருக்கிறது. கடைசி சிலிண்டரைச் சுற்றி ஓட்டம் இயல்பாகவே மெதுவானது. தண்ணீரில் கலங்கி வரும் எதுவும் முதலில் அங்கேதான் படியும்.

பட்டறைக்குத் திரும்பி, குளிர்ந்த பின், பிளாக்கின் பின்பகுதியில் பக்கவாட்டில் இருக்கும் வடிகுழாயைத் திறந்தோம். ஒரு சொட்டும் வரவில்லை. ரேடியேட்டரில் தண்ணீர் நிரம்பியிருக்கும்போது பிளாக்கின் வடிகுழாய் வறண்டிருந்தால், குழாய்க்குப் பின்னால் சேறு கட்டியிருக்கிறது என்று பொருள். கம்பியை விட்டுக் குத்தியதும் செந்நிறச் சேறு பிசின் போல இறங்கியது.

சேற்றின் கதை

பிளாக்கின் பக்கத் துளைகளை மூடியிருக்கும் வட்டத் தகடுகளை எடுத்துப் பார்த்தபோது, நான்காம் சிலிண்டரைச் சுற்றி மூன்று விரற்கடை உயரத்துக்குச் சேறு இறுகியிருந்தது. மேற்பரப்பில் துரு, அதற்கடியில் உப்புப்பாறை, இடையிடையே மஞ்சள் நிறமான நார்ப்பொருள். அந்த மஞ்சளைக் காட்டிக் கேட்டதும் ஓட்டுநர் தயங்கிவிட்டு, ஐந்தாறு ஆண்டுகளுக்கு முன் ரேடியேட்டர் ஒழுகியபோது சமையலறையிலிருந்து மஞ்சள்தூள் வாங்கிப் போட்டதாகவும், ஒழுக்கு நின்றுவிட்டதால் பிறகு இரண்டு முறை அப்படியே செய்ததாகவும் சொன்னார். நடுவழியில் ஊர் சேர்வதற்கு அது உதவும் என்பது உண்மைதான். ஊர் சேர்ந்ததும் முழுவதையும் வடித்துக் கழுவிவிட வேண்டும். அதைத்தான் எவரும் செய்வதில்லை. பொடி ஓட்டையை மட்டும் தேடிச் சென்று அடைப்பதில்லை, ஓட்டம் மெதுவான எல்லா இடத்திலும் தங்கிவிடுகிறது.

உப்புக்குக் காரணம் வீட்டு ஆழ்குழாய்க் கிணற்றுத் தண்ணீர். கொல்லைக் குழாயில் நேரடியாகப் பிடித்து, குறையக் குறைய ஊற்றி வந்திருக்கிறார்கள். மூடி கசிந்ததால் ஆவி போய்க்கொண்டே இருந்தது; ஆவியாகப் போவது தண்ணீர் மட்டும்தான், உப்பு உள்ளேயே தங்கிவிடும். ஒவ்வொரு முறை நிரப்பும்போதும் புதிய உப்பு அதனுடன் சேர்ந்தது.

மழைத்தண்ணீரை ஊற்றலாமா என்று ஆச்சி கேட்டது நியாயமான கேள்வி. வளவு முற்றத்தில் அண்டா வைத்து மழைத்தண்ணீர் பிடித்துக் குடித்து வளர்ந்தவர் அவர். உப்பில்லாத தண்ணீரின் அருமை தெரிந்தவர். உப்புப்படிவுக்கு மழைத்தண்ணீர் நல்ல தீர்வுதான். ஆனால் காற்றோட்டமுள்ள வெறும் தண்ணீர் வார்ப்பிரும்பைத் துருப்பிடிக்க வைக்கும். அதோடு, இரும்பு, செம்பு, பித்தளை, ஈயப் பற்று, அலுமினிய வாய் என்று பல உலோகங்கள் ஒரே தண்ணீரில் மின்தொடர்போடு நனைந்திருக்கும்போது, அவற்றுள் சில மற்றவற்றுக்காக விரைந்து அரிக்கப்படும். உலோக அரிமானத்தையும் ஆராயும் சிக்ரி (மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம்) 1953 முதல் காரைக்குடியிலேயே இயங்குகிறது. அதே ஊரின் பட்டறைகளில் அரிமானத் தடுப்பான் இல்லாத தண்ணீர் ரேடியேட்டர்களில் ஊற்றப்படுவது எனக்கு நெடுநாளைய வருத்தம்.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

இந்த நிலையில் வீட்டாரிடம் மூன்று யோசனைகள் வைக்கப்பட்டன. உறவினர் ஒருவர் டீசல் இன்ஜினுக்கு மாற்றச் சொன்னார். இன்னொருவர் வண்டியையே கொடுத்துவிடச் சொன்னார். நான் பிளாக்கைக் கழற்றாமல் சுத்தம் செய்து பார்க்கலாம் என்றேன். சிலிண்டர்களின் அழுத்தம் நன்றாக இருந்ததால் இன்ஜினைக் கைவிட எனக்குக் காரணம் தெரியவில்லை. ஆச்சி சொன்னது: "அவுக வாங்கின வண்டி, தம்பி. வேகமா ஓட வேண்டாம். போற எடத்துக்குப் போய்ச் சேரணும், அவ்வளவுதான்."

சுத்தம் செய்வதற்குப் பல இடங்களில் கையாளப்படும் வழி, கழிவறைக்குப் பயன்படும் வகை ஆசிட்டை ஊற்றி ஓடவிடுவது. உப்பு கரையும், கூடவே ஈயப் பற்றும் அலுமினியமும் கரையும். அதை விலக்கினோம். முதலில் தகடு எடுத்த துளைகள் வழியாக வளைந்த கம்பியாலும் அழுத்தத் தண்ணீராலும் சேற்றை இயன்றவரை வெளியேற்றினோம். இதற்கு ஒரு முழு நாள் பிடித்தது; அவசரப்படுத்த முடியாத வேலை. பின்னர் எலுமிச்சை உப்பை லிட்டருக்கு ஐம்பது கிராம் வீதம் சுடுநீரில் கரைத்து, ரேடியேட்டரைச் சேர்க்காமல் பிளாக்கில் மட்டும் இரண்டு முறை சுழலவிட்டோம். சோடா உப்புக் கரைசலால் புளிப்பை முறித்து, தெளிந்த தண்ணீர் வரும்வரை அலசினோம். துளைகளுக்குப் புதிய பித்தளைத் தகடுகள் அடித்தோம்.

ரேடியேட்டரைத் தனியாகப் பட்டறையில் கொடுத்து, கீழ்த்தொட்டியைப் பிரிக்கச் செய்தோம். முன்பு கம்பி விட்டவர்கள் நடுக்குழாய்களைத் திறந்திருந்தார்கள்; ஓரக் குழாய்களில் ஐந்தில் ஒரு பங்கு இன்னும் அடைபட்டிருந்தது. அவற்றையும் திறந்து மீண்டும் பற்றவைத்தார்கள்.

தெர்மோஸ்டாட்டை மீண்டும் பொருத்தியபோதுதான் கடுமையான எதிர்ப்பு வந்தது. வால்வு போட்டால்தான் ஹீட் ஆகும் என்பது ஓட்டுநரின் உறுதியான நம்பிக்கை. பல மெக்கானிக்குகளின் நம்பிக்கையும் அதுவே. பாத்திரத்தில் தண்ணீர் கொதிக்க வைத்து, வெப்பமானியோடு தெர்மோஸ்டாட்டை நூலில் கட்டித் தொங்கவிட்டு, 82 டிகிரியை ஒட்டி அது திறப்பதை அவர் கண்முன் காட்டினேன். திறந்த பிறகு அது தண்ணீரைத் தடுப்பதில்லை. அது இல்லாத இன்ஜின் குறுகிய ஓட்டங்களில் உரிய சூட்டுக்கு வருவதே இல்லை. எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவரின் ஆயிலைக் கழுவிவிடுகிறது. இந்த வண்டியைப் பொறுத்தவரை இன்னொரு கேடும் நடந்தது. தெர்மோஸ்டாட் இல்லாததால் உள்ளூர் ஓட்டங்களில் முள் செயற்கையாகத் தாழ்ந்தே நின்று, உள்ளே வளர்ந்துகொண்டிருந்த அடைப்பை இரண்டு ஆண்டுகள் மறைத்துவிட்டது.

கடைசியாக, காய்ச்சி வடித்த தண்ணீரும் அரிமானத் தடுப்பான் அடங்கிய கூலன்ட்டும் சரிபாதியாகக் கலந்து நிரப்பினோம். வண்டி வந்த அன்று வடித்து அளந்ததைவிட ஏறக்குறைய முக்கால் லிட்டர் கூடுதலாகப் பிடித்தது. அந்த முக்கால் லிட்டர் இடத்தில்தான் சேறும் உப்பும் இருந்திருக்கின்றன.

பின்னர் நடந்தது

வைகாசி மாத நடுப்பகலில், அதே சாலையில், அறுபத்தைந்து கிலோமீட்டர் வேகத்தில் கீரனூர் வரை நிற்காமல் ஓட்டினோம். முள் நடுவைத் தாண்டவில்லை. நிறுத்தியதும் அளந்ததில் மேல்தொட்டி 86 டிகிரி, ஹெட்டின் முன்பக்கம் 89, பின்பக்கம் 92. பதினான்கு டிகிரியாக இருந்த வேறுபாடு மூன்றாகக் குறைந்தது.

மூன்றாவது வாரத்தில் வண்டி கொட்டகையில் நின்ற இடத்தில் பச்சைக் கறை இருந்ததாக ஓட்டுநர் தொலைபேசியில் சொன்னார். மேல்தொட்டியின் இணைப்பில் மயிரிழை அளவு ஒழுக்கு. பல ஆண்டுகளாக அதை அடைத்துவைத்திருந்தது மஞ்சள்தூளும் உப்பும்தான். ஈயம் வைத்து ஒரு மணி நேரத்தில் சரிசெய்தோம். ஆனால் அடைப்பு நீங்கினால் மறைந்திருந்த ஒழுக்குகள் வெளிப்படும் என்பதை நாங்கள் முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும். சொல்லாததால் அந்த ஒரு நாள், செய்த வேலை முழுவதும் வீணோ என்ற கவலை ஆச்சிக்கு ஏற்பட்டது.

இனி வேறுவிதமாகச் செய்வது

உள்ளே என்ன நிரப்பப்பட்டது என்ற விவரம் தெரியாத எந்தப் பழைய வண்டியிலும் பிளாக்கின் வடிகுழாயை முதல் நாளே திறந்து பார்க்கிறோம். ஒரு ஸ்பேனர், இரண்டு நிமிடம்; இந்த வண்டியில் அதைச் செய்திருந்தால் மூன்று நாள் மிச்சமாகியிருக்கும். ஹோஸ்களை இன்ஜின் வேகத்தில் இருக்கும்போது பார்க்கிறோம். புதிதாக இருக்கிறது என்பதற்காக எதையும் விட்டுவிடுவதில்லை. வண்டிக்குள் இதுவரை என்னென்ன ஊற்றப்பட்டது, போடப்பட்டது என்பதைக் குற்றம் சாட்டும் தொனி இல்லாமல், முதல் உரையாடலிலேயே கேட்கிறோம். மஞ்சள்தூள் பற்றி ஓட்டுநர் முதல் நாள் சொல்லாததற்கு, தன்மேல் பழி வந்துவிடும் என்ற அச்சமே காரணம் என்று பிறகு அவரே சொன்னார். ஹெட் கேஸ்கெட்டை மாற்றிய வேலை தேவையற்றது என்று நான் கருதுகிறேன். அதைச் செய்தவர்களின் கைவேலையில் குறை இல்லை, அழுத்தச் சோதனை செய்யாமல் இறங்கியதே குறை.

வண்டியின் டாஷ்போர்டுப் பெட்டியில் ஒரு நாற்பது பக்க நோட்டு வைத்திருக்கிறோம். நாள், போன இடம், முள் நின்ற இடம், ஊற்றிய அளவு என்று நான்கு கட்டங்கள். மார்கழியில் சர்வீஸுக்கு வந்தபோது பார்த்தேன். ஆறு முறை திருச்சி போய்வந்திருக்கிறது. ஊற்றிய அளவு என்ற கட்டத்தில், ஒழுக்கைச் சரிசெய்த நாளைத் தவிர்த்து, ஒரே ஒரு பதிவு இருந்தது: கால் லிட்டர்.